கை வைத்த இடம்: திரைக்கதை பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். திரைக்கதை கற்றுக்கொள்ள ஒரு குரு வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படி அணுகுவது, கிடைத்த பிறகு என்ன செய்வது? ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு ஏழு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் ஒரு மூத்த எழுத்தாளரிடம் ஆறு வருடம் உட்கார்ந்து கற்றவள். இப்போது என்னிடம் சிலர் எழுதிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

என் திரைக்கதையை அனுபவமுள்ள மூன்று பேரிடம் கொடுத்தேன். ஒருவர், கதாநாயகியின் தோழி பாத்திரமே தேவையில்லை என்கிறார். இன்னொருவர், தோழியை இன்னும் பெரிதாக்கச் சொல்கிறார். மூன்றாமவர், முதல் இருபது பக்கத்தைத் தூக்கிவிடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? – ஒரு வாசகி

ஒரு தாளில் மூவர் சொன்னதையும் எழுதுங்கள். அப்புறம் அவர்கள் சொன்ன தீர்வுகளை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டு பேர் தோழியின் மேல் கை வைத்திருக்கிறார்கள். மூன்றாமவர் முதல் இருபது பக்கத்தின் மேல். தோழி அறிமுகமாவதும் அந்த இருபது பக்கத்துக்குள்தானே? அப்படியானால் மூவரும் ஒரே இடத்தைத்தான் அழுத்திப் பார்த்து, இங்கே வலிக்கிறது என்கிறார்கள். மருந்துதான் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள்.

இதை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

என் ஆசிரியர், நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம், காகிதத்தை வாங்கிப் படிக்கவே மாட்டார். நாம்தான் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் கண்ணைத் திறந்தாரென்றால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு. எதுவும் சொல்ல மாட்டார், கண் மட்டும் திறக்கும். வாசிப்பதை நிறுத்தாமலே பென்சிலால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளப் பழகியிருந்தோம்.

ஒரு காட்சி எழுதிக்கொண்டு போயிருந்தேன். அப்பா இறந்துவிட்டார். எட்டு வருடமாக வீட்டுப் பக்கமே வராத தம்பி வருகிறான். அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட அக்கா கதவைத் திறக்கிறாள். மூன்றரைப் பக்கம் பேசுகிறார்கள். நீ ஏன் வரவில்லை, நீ ஏன் கூப்பிடவில்லை, அப்பா உன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்கு மட்டும் கஷ்டம் இல்லையா. எழுதும்போது நான் அழுதிருக்கிறேன். வாசிக்கத் தொடங்கி அரைப் பக்கம் தாண்டவில்லை, சார் கண்ணைத் திறந்துவிட்டார். அப்புறம் மூடவே இல்லை.

முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: “அக்கா கையில என்ன இருக்கு?”

“கையில ஒண்ணும் இல்ல சார். பேசிக்கிட்டிருக்கா.”

“அப்பா செத்த வீட்ல, எட்டு வருஷம் கழிச்சு வந்த தம்பி எதிர்ல, ஒருத்தி வெறுங்கையோட நிப்பாளாம்மா? அப்பாவோட சட்டையெல்லாம் மடிச்சு வைக்கச் சொல்லிப் பாரு.”

அடுத்த வாரம் அக்காவைச் சட்டை மடிக்க வைத்துக் கொண்டுபோனேன். வசனம் அப்படியே இருந்தது, நடுநடுவே சட்டை மடிக்கிறாள். சார் மறுபடியும் கண்ணைத் திறந்தார், அதே இடத்தில். “நான் சொன்ன சட்டையைக் கொண்டு வந்திருக்கே. உன் அக்கா கையில என்ன இருக்குன்னு நீ இன்னும் பாக்கல” என்றார்.

பத்து நாள் அந்தக் காட்சியைத் தொடவில்லை. அந்த அக்காவின் ஒரு நாளை மட்டும் காலையிலிருந்து இரவு வரை எழுதிப் பார்த்தேன். படத்தில் வராத பக்கங்கள்தான் அவை. எத்தனை மணிக்கு எழுந்தாள், அப்பாவை எப்படித் தூக்கி உட்கார வைத்தாள், மாத்திரையை யார் எடுத்துக் கொடுத்தது? அங்கே நின்றுவிட்டேன். மாத்திரைப் பெட்டி. ஞாயிறு முதல் சனி வரை ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று சின்னச் சின்ன அறைகள் வைத்த பிளாஸ்டிக் பெட்டி.

புதிய காட்சியில் அக்கா மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே பெட்டி. தம்பி வந்து உட்காருகிறான். “எப்ப?” என்று மட்டும் கேட்கிறான். அவள் பெட்டியை அவன் பக்கம் நகர்த்துகிறாள். புதன் காலை காலியாக இருக்கிறது. புதன் இரவில் மூன்று மாத்திரைகள் அப்படியே இருக்கின்றன. அதற்குப் பிறகு எல்லா அறையும் நிறைந்திருக்கிறது. தம்பி அந்தப் புதன் இரவு மூடியைத் திறக்கப் பார்க்கிறான், திறக்கத் தெரியவில்லை. அவள் கை நீட்டித் திறந்து கொடுக்கிறாள். காட்சி முடிந்தது. முக்கால் பக்கம்.

மூன்றரைப் பக்கத்தில் நான் சொல்ல நினைத்த எல்லாமே அதில் இருந்தது. எட்டு வருடம் அவன் அங்கே இல்லை என்பதை அந்த மூடி சொல்லிவிட்டது. சார் சொன்ன சட்டை அதில் இல்லை. ஆனால் அவர் கை வைத்த இடத்தில் கை வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெட்டி எனக்குக் கிடைத்தே இருக்காது.

நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் தொடங்கிய சன்டான்ஸ் நிறுவனம் 1981 முதல் பயிலரங்குகள் நடத்துகிறது. அதன் திரைக்கதைப் பயிலரங்கில் ஒரு புதிய எழுத்தாளர் சில நாள்களுக்குள் பல மூத்தவர்களை ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே சந்திப்பார். எல்லோரும் அதே திரைக்கதையைப் படித்துவிட்டு வந்து உட்காருவார்கள். காலையில் ஒருவர் சொன்னதற்கு நேர்மாறாக மாலையில் இன்னொருவர் சொல்வது அங்கே சாதாரணம். எதை எடுத்துக்கொள்வது என்பது எழுதியவர் பொறுப்பு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தோழியை வெட்டுவதா வளர்ப்பதா என்று இப்போதே முடிவெடுக்காதீர்கள். அவள் வரும் ஒவ்வொரு காட்சிக்குப் பக்கத்திலும் ஒரு வரி எழுதுங்கள்: இவள் இங்கே இல்லாவிட்டால் கதாநாயகி என்ன செய்திருப்பாள்? “அதையேதான் செய்திருப்பாள்” என்று எல்லாக் காட்சிக்கும் பதில் வந்தால் முதலாமவர் சொன்னது சரி. ஓரிரண்டு இடத்தில் பதில் மாறினால் இரண்டாமவர் எதையோ பார்த்திருக்கிறார். அந்தக் காட்சிகளிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

நல்ல புத்தகங்கள் இருக்கின்றன, உலகத்துத் திரைக்கதைகள் எல்லாம் படிக்கக் கிடைக்கின்றன. இதற்கு மேல் ஒரு குரு அவசியமா? – கல்லூரி மாணவர் ஒருவர்

படிவத்தைக் கற்க குரு வேண்டாம். காட்சித் தலைப்பில் உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்று எழுதுவது, வசனத்துக்கு மேலே பேசுபவர் பெயரை நடுவில் போடுவது, ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கு, இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். மூன்று அங்கம், திருப்புமுனை போன்றவற்றையும் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். ஆனால் புத்தகத்தால் உங்கள் பக்கத்தைப் படிக்க முடியாது. அந்த ஒரு காரியத்துக்குத்தான் ஆள் வேண்டும்.

ஜப்பானிய எழுத்தாளர் ஷினோபு ஹாஷிமோட்டோவின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1918இல் பிறந்தவர். 1938இல் ராணுவத்தில் சேர்ந்த கையோடு காசநோய் வந்து, படைவீரர்களுக்கான மருத்துவ விடுதியில் வருடக் கணக்கில் படுத்துவிட்டார். பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு சினிமாப் பத்திரிகையைக் கொடுத்தார். அதில் ஒரு திரைக்கதை அச்சாகியிருந்தது. இவ்வளவுதானா, இதை நானே எழுதுவேனே என்று ஹாஷிமோட்டோவுக்குத் தோன்றியது. நாட்டிலேயே சிறந்த திரைக்கதை எழுத்தாளர் யார் என்று விசாரித்தார். மன்சாகு இடாமி என்று பதில் வந்தது. சரி, எழுதி அவருக்கே அனுப்புகிறேன் என்று முடிவு செய்தார்.

எழுதி முடிக்கச் சில வருடம் ஆனது. அனுப்பினார். இடாமி பதில் எழுதினார், குறைகளை விவரமாக எடுத்துச் சொல்லி. அங்கிருந்து தொடங்கியது அந்த உறவு. இடாமியும் நோயாளிதான். 1946இல் இறந்துபோனார். ஆனால் அதற்குள் ஹாஷிமோட்டோ திருத்தங்களை வாங்கி வாங்கித் திரும்ப எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். பிறகு அவர் ஒரு சிறுகதையைத் திரைக்கதையாக்கினார். அது இயக்குநர் அகிரா குரோசாவாவின் கைக்குப் போனது. படமாக்க நீளம் போதாது என்றார் குரோசாவா. நீட்டி எழுதப்பட்டு 1950இல் வெளியானதுதான் ‘ரஷோமோன்’. அடுத்த வருடம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது.

படுக்கையில் கிடந்தவர், சினிமா ஆள் ஒருவரையும் தெரியாது, கையில் ஒரு பத்திரிகை மட்டும். திரைக்கதை எப்படி இருக்கும் என்பதை அந்தப் பத்திரிகை காட்டிவிட்டது. தன் திரைக்கதையில் எது சரியில்லை என்று தெரிந்துகொள்ள அவருக்கு இடாமி வேண்டியிருந்தது.

ஒரு பெரிய எழுத்தாளருக்கு என் 118 பக்கத் திரைக்கதையை மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்று மாதமாகப் பதில் இல்லை. மறுபடி அனுப்பலாமா? – ஒரு வாசகர்

அனுப்பாதீர்கள். அவர் திறந்தே பார்த்திருக்க மாட்டார். அதற்காக அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். 118 பக்கத்தை ஒரு முறை ஓட்டமாகப் படிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கையில் பென்சிலோடு இரண்டாம் முறை படித்து உருப்படியாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் ஒரு முழு நாள் போய்விடும். அறிமுகமில்லாதவரிடம் முதல் கடிதத்திலேயே அவருடைய ஒரு நாளைக் கேட்கிறீர்கள்.

புதிதாக ஒரு கடிதம் எழுதுங்கள், அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் யார் என்று இரண்டு வரி. அவர் எழுதிய ஏதாவது ஒரு காட்சியில் நீங்கள் கவனித்த ஒரு நுணுக்கம். “உங்கள் படங்கள் எல்லாமே அருமை” என்று எழுதினால் அதில் அவருக்குப் படிக்க ஒன்றுமில்லை. “அந்தக் காட்சியில் கடன்காரர் வாசலிலேயே நிற்கிறார், உள்ளே கூப்பிடவே இல்லை, அது எழுத்திலேயே இருந்ததா?” என்று கேட்டால் அவர் நிமிர்ந்து உட்காருவார். அப்புறம், நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு காட்சியைப் பற்றிச் சொல்லி, அந்த நான்கு பக்கத்தை மட்டும் அனுப்பலாமா என்று அனுமதி கேளுங்கள். ஆறு வாரம் காத்திருங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிட்டு அடுத்தவருக்கு எழுதுங்கள். பெரிய பெயர்தான் வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு படம் எழுதி, மூன்றாவதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவர் பல நேரம் இன்னும் நல்ல ஆசிரியராக இருப்பார். உங்கள் கஷ்டம் அவருக்கு நேற்று நடந்தது.

அவர் படிக்கச் சம்மதித்துவிட்டால் “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு “நல்லா இருக்கு” என்பதைத் தவிர மரியாதையான பதில் கிடையாது. “எந்த இடத்தில் உங்கள் கவனம் விலகியது? எந்தப் பக்கத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம் என்று தோன்றியது?” என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காட்சி ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்க வாய் திறக்காதீர்கள். இது ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் விளக்கப் போவதில்லை.

முக்கியமானது அதற்குப் பிறகுதான். என்னிடம் வருபவர்களில் முதல் தடவை வருபவர்கள் நிறையப் பேர். திருத்தி எழுதிக்கொண்டு இரண்டாம் தடவை வருபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒரு பெண், நான் நான்கு காட்சிகளைப் பற்றிச் சொன்னதற்கு, நாலரை மாதம் கழித்து முழுத் திரைக்கதையையும் புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். நான் சொன்ன நான்கில் இரண்டை அவர் ஏற்கவில்லை, ஏன் என்று காகிதத்திலேயே தெரிந்தது. அன்றைக்கு நான் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. முழுவதையும் படித்தேன்.

எனக்குக் கேட்டுக் கற்றுக்கொள்ள ஒருவரும் இல்லை. நானாகவே பயிற்சி செய்ய வழி உண்டா? – ஒரு வாசகி

உண்டு. பிரெஞ்சுத் திரைக்கதை எழுத்தாளர் ழான் குளோத் காரியர் இளைஞராக இருந்தபோது இயக்குநர் ழாக் தத்தியைச் சந்திக்கப் போனார். தத்தியின் படத்தை நாவலாக எழுதும் வேலை. சினிமாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று தத்தி கேட்டார். காரியர் படங்கள் பார்ப்பார், அவ்வளவுதான், படம் எப்படி உருவாகிறது என்று அவருக்குத் தெரியாது. உடனே தத்தி தன் படத்தொகுப்பாளர் சூசன் பாரோனிடம் அவரை ஒப்படைத்துவிட்டார். அந்த அம்மா படத்தின் முதல் சுருளைத் தொகுப்பு மேசையில் மாட்டினார். இன்னொரு கையில் அந்தப் படத்தின் திரைக்கதை. சினிமாவில் உள்ள பிரச்சினை எல்லாமே இதிலிருந்து அதற்குப் போவதுதான் என்று இரண்டையும் காட்டினார். காகிதத்தில் ஒரு பத்தி, திரையில் அது என்ன ஆனது என்று வரிவரியாகப் பார்க்க வைத்தார். காரியர் பிற்பாடு இயக்குநர் லூயி புனுவெலோடு ஆறு படங்களில் வேலை செய்தார். இந்த முதல் பாடத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

தொகுப்பு மேசை இன்று உங்கள் மடியிலேயே இருக்கிறது. திரைக்கதை அச்சில் கிடைக்கும் ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் இன்னும் பார்க்காத படமாக இருந்தால் நல்லது. ஒரு காட்சியை மட்டும் படியுங்கள். கேமரா எங்கே இருக்கும், என்ன சத்தம் கேட்கும், எந்த வசனத்தின் போது யார் முகம் தெரியும் என்று எழுதி வையுங்கள். பிறகு அந்தக் காட்சியைப் பாருங்கள். காகிதத்தில் இருந்து திரைக்கு வராமல் போனது எது, காகிதத்தில் இல்லாமல் திரையில் முளைத்தது எது என்று இரண்டு பட்டியல் போடுங்கள்.

அடுத்த வாரம் தலைகீழாகச் செய்யுங்கள். மூன்று நிமிடக் காட்சி ஒன்றைச் சத்தம் இல்லாமல் ஓட்டி, அதைத் திரைக்கதையாக எழுதுங்கள். எழுதி முடித்ததும், படம் பிடிக்க முடியாத சொற்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். “அவள் தன் இளமைக் காலத்தை நினைத்து வருந்துகிறாள்” என்று எழுதியிருப்பீர்கள். கேமராவுக்கு அது தெரியாது. அவள் செய்தது என்ன? ஜன்னலைச் சாத்தினாளா, சாத்தப் போய் நிறுத்தினாளா? அதை எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு காட்சி என்று ஒரு வருடம் செய்து பாருங்கள். அப்புறம் யாரிடமாவது கற்கப் போனால் அவர் சொல்வது பாதி வாக்கியத்திலேயே புரியும்.

எனக்கு 46 வயது, அலுவலக வேலை. இப்போது தொடங்கினால் என்ன பயன்? – ஒரு வாசகர்

ஒரு நாளைக்கு ஒரே ஒரு பக்கம் எழுதினால் வருடத்துக்கு 365 பக்கம் ஆகும் என்று குரோசாவா தன் சுயசரிதையில் கணக்குச் சொல்கிறார். உதவி இயக்குநராக இருந்த காலத்தில் அவருக்கு அவருடைய ஆசான் கஜிரோ யமாமோட்டோ வலியுறுத்திய முதல் விஷயமும், உட்கார்ந்து திரைக்கதை எழுது என்பதுதான். 365 பக்கம் என்றால் மூன்று திரைக்கதை. 47 வயதில் உங்கள் கையில் மூன்று இருக்கும். இருபது வருட அலுவலகத்தில் நீங்கள் பார்த்த மனிதர்களை இருபத்திரண்டு வயதுக்காரர் பார்த்ததில்லை. எழுதுங்கள்.

ஒருவரிடம் ஒன்றரை வருடமாக இருக்கிறேன். எழுதிய காட்சிகளை வாங்கிக்கொள்கிறார், திருத்தம் எதுவும் சொல்வதில்லை. என் காட்சிகள் அவர் பெயரில் போகின்றன. கேட்டால், கற்றுக்கொள்ள வந்தவன் கணக்குப் பார்க்கக் கூடாது என்கிறார். என் கதையும் திருட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. – பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சாரிடம் போவதற்கு முன்னால் நானும் பதினான்கு மாதம் இதே நிலையில் இருந்தவள். ஒரு படத்தின் பிற்பாதி வசனம் பெரும்பாலும் என்னுடையது. தியேட்டரில் பெயர்கள் ஓடி முடிகிற வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன், என் பெயர் வரவில்லை. என்னிடம் நேரிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இன்றைக்கும் அந்த வலி இருக்கிறது.

எனவே நேராகவே சொல்கிறேன். உங்கள் பக்கத்தைப் படித்துத் திருத்தம் சொல்லித் திருப்பித் தருபவர் ஆசிரியர். வாங்கி வைத்துக்கொள்பவர் வேலை வாங்குகிறவர். வேலை வாங்குகிறவரிடம் கூலி கேட்பதும் பெயர் கேட்பதும் நன்றி கெட்டதனம் ஆகாது. அடுத்த காட்சியைக் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். என்ன வேலை, எவ்வளவு நாள், என்ன தொகை, திரையில் பெயர் எப்படி வரும். ஒரு குறுஞ்செய்தியில் பதில் வந்தால்கூடப் போதும், ஏதோ ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். நழுவினால் வெளியே வந்துவிடுங்கள். ஒன்றரை வருடத்தில் ஒரு திருத்தம்கூடச் சொல்லாதவர் ஐந்தாவது வருடத்தில் சொல்லப் போவதில்லை.

கண்டிப்பையும் அவமானத்தையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். “இந்தக் காட்சி செத்துக் கிடக்கு” என்று சார் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். உனக்கு எழுத்து வராது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பேச்சு பக்கத்தைப் பற்றி இருக்கும் வரை எவ்வளவு காரமாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம்.

கதைத் திருட்டைப் பற்றி: பதிப்புரிமைச் சட்டங்கள் பொதுவாக யோசனையைக் காப்பதில்லை, எழுதப்பட்ட வடிவத்தைத்தான் காக்கின்றன. “பிரிந்த அக்கா தம்பி, அப்பாவின் மரணத்தில் சேர்கிறார்கள்” என்பது யாருக்கும் சொந்தமில்லை. அந்த மாத்திரைப் பெட்டிக் காட்சியை நான் எழுதிய விதம் என்னுடையது. எனவே வாயால் சொல்லிக்கொண்டு திரியாமல் முழுதாக எழுதுங்கள். எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். யாருக்கு எந்தத் தேதியில் எந்தப் பிரதியை அனுப்பினீர்கள் என்று மின்னஞ்சலில் தடயம் வையுங்கள். அதோடு பயத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். யாருக்கும் காட்டாத கதை திருத்தம் இல்லாமலே கிடக்கும்.

என் ஆசான் போன வருடம் காலமானார். இப்போது எதை எழுதினாலும் அவர் குரல்தான் கேட்கிறது. நான் அவரையே நகலெடுக்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. – ஒரு வாசகர்

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஒருவரிடம் பல வருடம் எழுதிக் காட்டியவருக்கு அந்த நாற்காலி காலியாவது சாதாரண விஷயம் இல்லை.

ஹாலிவுட்டில் பில்லி வைல்டர் என்று ஓர் எழுத்தாளர், இயக்குநர் இருந்தார். இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ஷின் படங்களுக்கு எழுதி வளர்ந்தவர். லூபிட்ஷ் 1947இல் இறந்தார். வைல்டர் தன் அலுவலகச் சுவரில் ஒரு வாசகத்தை மாட்டி வைத்திருந்தார்: “லூபிட்ஷ் என்றால் இதை எப்படிச் செய்திருப்பார்?” அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து அவர் எழுதிய படங்களை யாரும் லூபிட்ஷ் படம் என்று சொல்ல மாட்டார்கள். கசப்பும் வேகமும் வேறு, அவை வைல்டருக்கே உரியவை. சுவரில் இருந்தது ஒரு கேள்வி. பதிலை அவர்தான் எழுத வேண்டியிருந்தது.

உங்கள் ஆசானின் குரல் என்ன சொல்கிறது என்று கூர்ந்து கேட்டுப் பாருங்கள். “இந்த வசனத்தை இப்படி எழுது” என்று சொன்னால் கொஞ்சம் கவலைப்படலாம். அப்போது அவர் கொடுத்த சட்டையை நீங்கள் இன்னும் மடித்துக்கொண்டிருக்கிறீர்கள். “இங்கே இவள் கையில் என்ன இருக்கு?” என்று கேட்டால், கேட்கட்டும்.

சாரைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது அவர் படுக்கையில் இருந்தார். பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. ஏதாவது கொண்டு வந்திருக்கியா என்பது போலக் கையை மட்டும் அசைத்தார். பையில் ஒரு காட்சி இருந்தது, எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வசனம் வந்தது, அம்மா மகனிடம் சொல்லும் இரண்டு வரி. வாசிக்க வாய் திறந்தேன், வரவில்லை. நிறுத்திவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.

“ஏம்மா நிறுத்திட்டே?”

“ரெண்டு வரி வேண்டாம் சார். அடிச்சுட்டேன்.”

“சரி, மேல படி” என்றார். கண்ணைத் திறக்கவில்லை.